தோட்டாத் தட்டுப்பாடு: கோபத்தில் நாம் செய்யும் தவறுகள்

2021 தொடக்கத்தில் டெக்சாஸில் ஒரு துப்பாக்கிக் கடை. கைத்துப்பாக்கிக்கான 9 எம்.எம். தோட்டா அடுக்கும் அலமாரியில் மேல் தட்டுகள் எல்லாம் காலி. கீழ்த்தட்டில் மட்டும் 50 தோட்டா கொண்ட ஒரே ஒரு பெட்டி இருந்தது, அதன் மேல் மார்க்கரில் எழுதி ஒட்டிய சீட்டு: ஆளுக்கு ஒன்று, 45 டாலர். ஓராண்டு முன்னால் அதே பெட்டியை 10 டாலருக்கு வாங்கியிருக்கிறேன். பக்கத்தில் நின்றவர் பகல் கொள்ளை என்று முணுமுணுத்தார். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் பாதிதான் சரி என்று இப்போது நினைக்கிறேன்.

விலை ஏறினாலே கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைப் பார்க்க எஃப்.பி.ஐ. நடத்தும் சோதனைகள் 2019இல் சுமார் 2.84 கோடி, 2020இல் சுமார் 3.97 கோடி. அந்த ஆண்டு முதன்முதலாகத் துப்பாக்கி வாங்கியவர்களே 84 லட்சம் பேர் என்று அந்தத் தொழில்துறையின் சங்கம் கணக்கிட்டது. ஆளுக்கு இரண்டு பெட்டி என்றாலும் 84 கோடி தோட்டா. தோட்டா தயாரிக்கும் ஃபெடரலிடமும் அதன் சகோதர நிறுவனங்களிடமும் சேர்த்து 100 கோடி டாலருக்கு மேல் ஆர்டர் தேங்கிக் கிடந்தது. மொத்த விற்பனையாளரிடமே விலை ஏறிவிட்ட பிறகு, சில்லறைக் கடைக்காரர் பழைய விலைக்கு விற்றால் அடுத்த சரக்கு எடுக்க அவர் கையில் காசு இருக்காது.

அப்படியானால் தொழிற்சாலைக்காரர்கள் பதுக்குகிறார்களா? 2013 தட்டுப்பாட்டிலும் இதே போன்ற பேச்சு இருந்தது. அரசே தோட்டாக்களை வாங்கிக் குவிக்கிறது, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 160 கோடி தோட்டா வாங்குகிறது என்றார்கள். அது பல ஆண்டுகளுக்கான ஒப்பந்தங்களின் உச்சவரம்பு. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2014 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையின்படி, அந்தத் துறை வாங்கியது ஆண்டுக்குச் சராசரியாக 10.9 கோடி தோட்டாதான்.

உண்மையான முட்டுக்கட்டை பிரைமரில் இருக்கிறது. ஒரு தோட்டாவைப் பிரித்தால் பித்தளை உறை, வெடிமருந்துத் தூள், குண்டு, அடியில் சட்டைப் பொத்தானைவிடச் சிறிய பிரைமர் என நான்கு பாகம். ஊசி தட்டியதும் முதலில் பற்றுவது பிரைமர்தான். லேசாகத் தட்டினாலே வெடிக்கும் கலவை என்பதால் அதைச் செய்யும் ஆலையை அவசரத்துக்கு விரிவாக்க முடியாது. அமெரிக்காவில் பெரிய அளவில் செய்பவர்களும் விரல்விட்டு எண்ணும் அளவுதான். புதிதாக ஆலை கட்டவும் அப்போது எளிதில் துணியவில்லை. 2016 தேர்தலில் டிரம்ப் வென்று, துப்பாக்கிக் கட்டுப்பாடு வரும் என்ற பயம் தணிந்ததும் விற்பனை எப்படிச் சரிந்தது என்பதை அவர்கள் மறக்கவில்லை. துப்பாக்கியும் தோட்டாவும் செய்துவந்த ரெமிங்டன் 2018இல் ஒருமுறை, 2020 ஜூலையில் மறுமுறை திவால் மனு கொடுத்தது.

சரி, கடைக்காரர்மேல் தவறே இல்லையா? இருக்கிறது, ஆனால் நாம் விரல் நீட்டும் இடத்தில் இல்லை. அந்த நாட்களில் ஓர் இணையக் கடையில் பணம் கட்டி, ஆர்டர் உறுதியான செய்தியும் வந்த பிறகு, சரக்கு இல்லை என்று ரத்து செய்தார்கள். மறுநாள் அதே பெட்டி அதே கடையில் இன்னும் 15 டாலர் கூடுதலாகக் கிடந்தது. விலை ஏற்றியதை நான் மன்னிப்பேன், கொடுத்த வாக்கை மீறியதை மன்னிக்க மாட்டேன்.

இன்னொரு பக்கத் தவறு, விலை ஏறினால் அதிகம் தேவைப்படுபவருக்குத்தான் பொருள் போய்ச் சேரும் என்று பொருளாதாரப் பாடத்தை அப்படியே ஒப்பிப்பது. பணம் அதிகம் உள்ளவருக்குப் போய்ச் சேரும் என்பதே சரி. வார இறுதியில் 300 தோட்டா சுட்டுத் தீர்ப்பவர் 45 டாலரைப் பொருட்படுத்த மாட்டார். தனியே வாழும் ஒரு பெண், பயந்து வாங்கிய துப்பாக்கியைக் கையாளப் பழக ஒரு பெட்டி தேடினால் அவருக்கு அது பெரிய பணம். கானமன், நெட்ச், தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், பனிப்புயலுக்கு மறுநாள் பனி அள்ளும் 15 டாலர் வாரியை 20 டாலர் ஆக்குவது நியாயமா என்று கேட்டார்கள். 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். கடைக்காரருக்கு அந்த மனக்கசப்பும் ஒரு செலவுதான்.

ஆளுக்கு இத்தனை என்ற கட்டுப்பாடு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். 2013 ஜனவரியில் வால்மார்ட் ஒரு நாளைக்கு மூன்று பெட்டி என்று வரம்பு வைத்தது. விடிகாலையிலேயே வரிசையில் நின்று தினமும் மூன்று பெட்டி எடுத்து, துப்பாக்கிச் சந்தையில் இரட்டிப்பு விலைக்கு விற்றவர்கள் உண்டு. வேலைக்குப் போகிறவருக்குக் காலி அலமாரிதான் மிச்சம். ஆனாலும் என்னைக் கேட்டால், மிதமான விலையேற்றத்தோடு ஒரு வரம்பும் வைக்கும் கடையே நியாயமான கடை.

புகார் கொடுக்கப் போகிறவர்கள் சட்டத்தை முதலில் பார்க்க வேண்டும். நியூயார்க் 1979இலேயே கொள்ளை விலைத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. கலிபோர்னியாவில் நெருக்கடி நிலை அறிவித்த பிறகு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் குற்றம். ஆனால் இத்தகைய சட்டங்கள் முதன்மையாக உணவு, எரிபொருள், மருந்து, தங்குமிடம் போன்ற அத்தியாவசியங்களுக்காக வந்தவை. தோட்டாவையும் அவை காக்கும் என்று எண்ணிக்கொண்டு கடையில் சண்டைக்கு நிற்காதீர்கள்.

அப்புறம் நம் வீட்டு அலமாரி. 2020 வசந்தத்தில் நானும் தேவைக்கு மேல் ஆறு பெட்டி வாங்கி வைத்தேன். இப்படி லட்சம் வீடுகள் செய்ததுதான் தட்டுப்பாடு. பின்னாளில் மூன்று பெட்டியை, வேட்டைக்காகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு வாங்கின விலைக்கே கொடுத்தேன்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் உயிருக்கே ஆபத்தான தவறும் ஒன்று உண்டு. பிளாஸ்டிக் பையில் கட்டி, முகம் தெரியாத ஒருவர் தன் வீட்டிலேயே தூள் நிரப்பிச் செய்த தோட்டாவைக் குறைந்த விலை என்று வாங்குவது. தூள் இரண்டு மடங்கு விழுந்திருந்தால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம். பெட்டியில் தயாரிப்பாளர் பெயரும், எந்தத் தொகுதியில் செய்தது என்று காட்டும் லாட் எண்ணும் இல்லையென்றால், எவ்வளவு மலிவானாலும் மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.