செமஸ்டர் இறுதிக் கண்காட்சி: முதல் முறை படம் மாட்டுபவர்களுக்கு

நுண்கலைத் துறையில் செமஸ்டர் முடியப் போகிறது என்பதை அறிவிப்புப் பலகை பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஸ்டுடியோவில் ஈசல் (படத்தை நிறுத்தி வரையும் தாங்கி) ஒன்றுகூடக் காலியாக இருக்காது. தூரிகை கழுவும் தொட்டி அடைத்துக்கொண்டு நிற்கும். சூளை அறைக் கதவில் ஒட்டிய தாளில் பெயர்கள் ஓரம் வரை நிரம்பிவிடும். மற்ற துறைகளில் தேர்வு எழுதிவிட்டுக் கிளம்பிவிடலாம். இங்கே ஒரு பருவம் முழுக்கச் செய்ததைச் சுவரில் மாட்டி, பக்கத்திலேயே நின்று பதிலும் சொல்ல வேண்டும்.

முதலாண்டில் பலரும் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். வரைவதற்கு வகுப்பு இருக்கிறது, மாட்டுவதற்கு இல்லை. அதனால் நல்ல படம் கோணலாகத் தொங்குகிறது, ஈரம் காயாத கித்தான் பக்கத்துப் படத்தில் ஒட்டிக்கொள்கிறது. வருடா வருடம் இதைப் பார்த்து மனம் கேட்காமல்தான் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

ஒரு தாளை எடுத்து, கடைசி வரியில் திறப்பு நாளை எழுதுங்கள். அதற்கு மேலே, 2 நாள் முன்பு, மாட்டும் நாள். அதற்கும் மேலே எழுத வேண்டியது உங்கள் படைப்பு காய எடுக்கும் காலம். இதை நீங்களோ ஆசிரியரோ தீர்மானிக்க முடியாது, பொருள்தான் தீர்மானிக்கும்.

அக்ரிலிக் என்றால் கவலை இல்லை. மெல்லிய பூச்சு ஒரு மணி நேரத்துக்குள் காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணம் அப்படி இல்லை. அது தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. மெல்லிய பூச்சே தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரச் சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். நிறத்துக்கு நிறமும் மாறும்: அம்பர் பழுப்பில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காயும், டைட்டானியம் வெள்ளையும் ஐவரி கறுப்பும் இழுத்தடிக்கும். வெள்ளையைக் கத்தியால் தடிமனாக அப்பியிருந்தால், திறப்பு நாளுக்கு ஒரு மாதம் முன்பே அந்தப் படத்தில் கை வைப்பதை நிறுத்திவிடுங்கள். வெளிச்சமும் காற்றும் வரும் இடத்தில் வையுங்கள், இருட்டு அலமாரியில் வைத்தால் எண்ணெய் மஞ்சளாகும்.

மண் வேலை செய்பவர்கள் இன்னும் முன்னதாகத் தொடங்க வேண்டும். முதல் வருடம் நான் ஒரு பெரிய ஜாடி செய்தேன். மேலே வெளுத்துவிட்டது, காய்ந்துவிட்டது என்று நம்பிச் சூளையில் வைத்தேன். அடிப்பாகம் இரண்டு விரல் தடிமன், உள்ளே ஈரம் இருந்திருக்கிறது. 100 டிகிரி செல்சியஸ் தாண்டியதும் அந்த ஈரம் நீராவியானது, வெளியேற வழியில்லாமல் ஜாடி வெடித்தது. பக்கத்தில் இருந்த தோழியின் கிண்ணங்களிலும் சில்லுகள் போய்ப் பதிந்துவிட்டன. என் ஜாடி போனதைவிட அதுதான் இன்றும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு நான் தவறாமல் செய்யும் ஒரு சோதனை: பாத்திரத்தின் அடிப்பாகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது. அறையின் சூடே அதற்கும் இருந்தால் சூளைக்குத் தயார்.

சூளைக் கணக்கு தோராயமாக இப்படிப் போகும். உலர ஒரு வாரம் முதல் இரண்டு வாரம். முதல் சூடு ஏறக்குறைய 1000 டிகிரி வரை. ஏற்றுவதற்கும் ஆறுவதற்கும் சேர்த்து இரண்டு நாள். அப்புறம் கிளேஸ் (சூட்டில் உருகிக் கண்ணாடி போலப் படியும் பூச்சு) பூசி மறுபடி இரண்டு நாள். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸின் அமைப்பு மாறி அளவும் சற்றே மாறுகிறது, அதனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தை மெதுவாகக் கடக்க வேண்டும். எவ்வளவு அவசரமானாலும் 100 டிகிரிக்கு மேல் இருக்கும்போது சூளைக் கதவைத் திறக்காதீர்கள். சூளை ஒன்றுதான், வரிசையில் நிற்பவர்கள் பலர். ஆக, திறப்பு நாளுக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே மண்ணைப் பிசைவது முடிந்திருக்க வேண்டும்.

படி 2: எதை மாட்டுவது, எதை விடுவது

செய்த எல்லாவற்றையும் தரையில் பரப்பிவிட்டு நாற்காலி மேல் ஏறி நின்று பாருங்கள். கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உழைப்புதான் தெரியும், மேலிருந்து பார்த்தால்தான் படம் தெரியும். ஒன்றோடொன்று பேசுகிற நான்கைந்தை எடுத்துக்கொண்டு மற்றவற்றை போர்ட்ஃபோலியோவில் வையுங்கள். அதிக நேரம் எடுத்த படம் என்பதற்காக மட்டும் ஒன்றைச் சேர்க்காதீர்கள். சந்தேகம் வந்தால், விட்டுவிடுவதே நல்லது என்பேன்.

படி 3: காகித வேலைகளைக் காப்பாற்றுங்கள்

கரித்துண்டால் (சார்கோல்) வரைந்த ஓவியம் ஒரு சட்டைக் கை பட்டாலே கலைந்துவிடும். கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் தெளிக்கும்போது திறந்த வெளியில் அல்லது காற்றோட்டமுள்ள இடத்தில், ஏறக்குறைய 30 செ.மீ. தள்ளி நின்று, மெலிதாக இரண்டு மூன்று முறை தெளியுங்கள். ஒரே முறை நனைய அடித்தால் திட்டுத் திட்டாகும். நிறம் சற்றுக் கறுக்கும், அதனால் முதலில் ஒரு கிழிந்த தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஓவியங்களை அடுக்கும்போது நடுவில் பட்டர் பேப்பர் வையுங்கள்.

அச்சு ஓவியம் செய்தவர்கள் கையெழுத்தைப் பென்சிலால், படத்துக்குக் கீழே உள்ள வெள்ளை ஓரத்தில் போடுங்கள். இடது பக்கம் எண், நடுவில் தலைப்பு, வலது பக்கம் பெயர். 3/10 என்றால் 10 பிரதிகளில் மூன்றாவது.

ஒரு எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற முடியாமல் சேர்ந்து, நெருப்புக் குச்சி இல்லாமலே தீப்பிடிக்கும். கடைசி வாரத்தில் எல்லோரும் இரவில் வேலை செய்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போகும்போதுதான் இந்த ஆபத்து அதிகம். துணியைத் தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

படி 4: சுவரை அளப்பது

இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

பாரிசில் 1667-ல் தொடங்கிய அகாடமி கண்காட்சிகளில் நாளடைவில் படங்களைத் தரையிலிருந்து கூரை வரை அடுக்கி மாட்டினார்கள். மேல் வரிசையில் இடம் கிடைத்த ஓவியனின் படத்தை யாரும் சரியாகப் பார்க்கவே முடியாது. இன்றைய வழக்கம் வேறு. படத்தின் நடுப்புள்ளி பார்ப்பவரின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான அருங்காட்சியகங்கள் இதைத் தரையிலிருந்து 145 முதல் 152 செ.மீ. வரை வைத்துக்கொள்கின்றன. கணக்குக்கு எளிதாக 150 என்று வைத்துக்கொள்வோம்.

கவனியுங்கள், 150 என்பது படத்தின் நடு. ஆணியின் உயரம் அது இல்லை. ஆணி எங்கே என்று இப்படிக் கண்டுபிடிக்கலாம். படத்தின் பின்னாலுள்ள கம்பியை ஒரு விரலால் மேல்நோக்கி இழுத்துப் பிடியுங்கள், தொங்கும்போது இருப்பது போல. விரலுக்கும் சட்டத்தின் மேல் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளங்கள். 80 செ.மீ. உயரப் படம், அந்தத் தூரம் 10 செ.மீ. என்றால்:

150 + 40 (படத்தில் பாதி) − 10 = 180 செ.மீ.

ஆணி 180-ல். அடுத்த படம் 40 செ.மீ. உயரம், கம்பித் தூரம் 6 என்றால் 150 + 20 − 6 = 164. இரண்டு ஆணிகளும் வேறு வேறு உயரத்தில் இருக்கும், ஆனால் மாட்டியதும் இரண்டு படங்களின் நடுவும் ஒரே கோட்டில் வந்து உட்காரும். முதல் முறை இதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் தனி.

இனி இடைவெளி. சுவர் 600 செ.மீ. அகலம், 60 செ.மீ. அகலமுள்ள நான்கு படங்கள். படங்கள் எடுக்கும் இடம் 240, மீதி 360. நான்கு படங்களுக்கு இரு ஓரங்களையும் சேர்த்து ஐந்து இடைவெளி, ஆக ஒவ்வொன்றும் 72. முதல் படத்தின் நடு 72 + 30 = 102-ல் வரும். அதற்கு மேல் 132 கூட்டிக்கொண்டே போங்கள்: 234, 366, 498. கடைசி நடுவோடு 30-ஐயும் 72-ஐயும் கூட்டினால் 600 வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ கூட்டல் தப்பு, ஆணி அடிக்கும் முன் கண்டுபிடித்துவிடலாம்.

மாட்டுவதற்கு மூன்று பேர் போதும். ஒருவர் அளக்க, ஒருவர் பிடிக்க, ஒருவர் தூர நின்று பார்க்க. தூர நிற்பவர் வேலை செய்யாமல் நிற்பதாக நினைக்காதீர்கள், அவர் கண்தான் கடைசிச் சொல். சுவரின் குறுக்கே 150-ல் ஒரு நூலை இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். சட்டத்தின் மேல் ரசமட்டம் வைத்துக் குமிழி நடுவில் நிற்கிறதா பாருங்கள். தரை சரிவாக இருக்கும் பழைய கூடங்களில், ஒவ்வொரு படத்துக்கும் தரையிலிருந்து தனித்தனியாக அளந்தால் வரிசையே சரிந்துவிடும். ஒரு மூலையில் அளந்து, நூலை மட்டம் பார்த்துக் கட்டி, மற்றதையெல்லாம் அந்த நூலிலிருந்து அளங்கள். எடையான படத்துக்கு இரண்டு ஆணி அடியுங்கள், ஆடாமல் நிற்கும்.

படி 5: பெயர்ச்சீட்டும் விளக்கும்

பெயர்ச்சீட்டில் பெயர், தலைப்பு, ஆண்டு, பொருள், அளவு. அளவில் முதலில் உயரம், பிறகு அகலம். 80 × 60 என்று படித்தவர் நிமிர்ந்து நிற்கும் படத்தை எதிர்பார்ப்பார். படத்தின் வலது பக்கம், கீழ்ப்பகுதியை ஒட்டி, எல்லாப் படங்களுக்கும் ஒரே உயரத்தில் ஒட்டுங்கள்.

விளக்கை நேர் மேலேயிருந்து அடிக்காமல் செங்குத்துக் கோட்டிலிருந்து 30 டிகிரி சாய்த்தால் கண்ணாடிப் பளபளப்பு குறையும். நீர்வண்ணத்துக்கும் காகிதத்துக்கும் அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மங்கலான ஒளிதான் தருகின்றன, ஏனென்றால் வெளிச்சம் நிறத்தைத் தின்றுவிடும். உங்கள் கண்காட்சி சில நாட்கள்தான், அந்த அளவு கண்டிப்பு தேவையில்லை. நேர் வெயில் விழும் ஜன்னலோரம் மட்டும் வேண்டாம்.

படி 6: விமர்சன நாள்

ஆசிரியர்களும் சக மாணவர்களும் உங்கள் சுவர் முன்னால் நிற்பார்கள். பலருக்கும் கண்காட்சியைவிட இதற்குத்தான் பயம். நான் எல்லோருக்கும் சொல்வது இரண்டே விஷயம். முதலாவது, நீங்கள் முதலில் பேசாதீர்கள். ஐந்து நிமிடம் மற்றவர்கள் பார்க்கட்டும், தங்களுக்குத் தெரிவதைச் சொல்லட்டும். நீங்கள் விளக்கிவிட்டால் பிறகு எல்லோரும் உங்கள் விளக்கத்தைத்தான் பார்ப்பார்கள், படத்தைப் பார்க்க மாட்டார்கள். இரண்டாவது, சொல்வதை எல்லாம் எழுத ஒரு நண்பரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். அந்தப் பதற்றத்தில் ஒரு கடுமையான வாக்கியம் மட்டும்தான் உங்கள் நினைவில் நிற்கும், பத்து நல்ல யோசனைகள் காற்றோடு போய்விடும். இரண்டு நாள் கழித்து அந்தக் குறிப்பைப் படித்துப் பாருங்கள், வேறு மாதிரி இருக்கும்.

படி 7: திறப்பு நாள்

சீக்கிரம் வாருங்கள். விளக்கு எரிகிறதா, ஏதாவது படம் சாய்ந்திருக்கிறதா என்று ஒரு சுற்று வாருங்கள். வந்தவர்கள் கேட்டால் சொல்லுங்கள், கேட்காதவர்களை நிம்மதியாகப் பார்க்க விடுங்கள். அவ்வளவுதான்.

படி 8: இறக்குவது

விடுமுறை அவசரத்தில் எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். இறக்கியதும், சுருட்டிக் கட்டும் முன், ஒவ்வொன்றையும் படம் பிடித்துவிடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். இரண்டு பக்கமும் 45 டிகிரியில் ஒரே மாதிரி விளக்கு, கேமரா படத்தின் நடுப்புள்ளிக்கு நேராக, சாயாமல். விளக்கு இல்லையென்றால் மேகமூட்டமான நாளின் வெளிச்சம் போதும். மண் பாத்திரங்களைச் சுற்றிக் கட்டுவதற்கு முன் உள்ளேயும் துணியோ காகிதமோ அடையுங்கள்.

ஆணியைப் பிடுங்கிய துளையில் பட்டி வைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, சுவர் வண்ணத்தை ஒரு கை அடித்துவிடுங்கள். அடுத்த பருவத்தில் அதே சுவருக்கு இன்னொரு முதலாண்டு மாணவர் அளவு நாடாவோடு வருவார்.

எண்ணெய் ஓவியங்களுக்கு மட்டும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. கடைசி வார்னிஷ் இப்போது பூசக்கூடாது. மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே முழுதாக இறுக 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். கித்தானின் பின்பக்கச் சட்டத்தில் உங்கள் பெயர், தலைப்பு, கடைசியாகத் தூரிகை வைத்த தேதி, அதற்குக் கீழே வார்னிஷ் பூச வேண்டிய மாதம், நான்கையும் பென்சிலால் எழுதி, படத்தை வெளிச்சமும் காற்றும் வரும் இடத்தில் வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள்.