ஆல்டோவில் இரண்டு சைக்கிள்: டெல்டா சாலைக்கு ஏற்றபடி ஏற்றிக் கட்டும் முறை

தஞ்சாவூரிலிருந்து கல்லணைக்குச் சைக்கிளிலேயே போய் வந்துவிடலாம். கோடியக்கரை அப்படியல்ல. விடியும் நேரத்துக்குப் பறவை பார்க்கச் சதுப்பு ஓரத்தில் நிற்க வேண்டுமென்றால் சைக்கிள் காரில்தான் போயாக வேண்டும். அதற்குப் பெரிய கார் தேவையில்லை. ஆல்டோ, க்விட், வேகன் ஆர், டியாகோ எதுவும் போதும். ஆனால் சைக்கிளைக் காரின் எந்த இடத்தில் வைப்பது என்ற முடிவை ஆன்லைனில் கேரியர் வாங்கிய பிறகு எடுக்கக் கூடாது. அதற்கு முன்பே டேப் பிடித்து அளந்து எடுக்க வேண்டும்.

கணக்கு இதுதான். முழுச் சைக்கிளின் நீளம் 1.70 முதல் 1.80 மீட்டர். ஆல்டோவின் அகலம் 1.49 மீட்டர், க்விட் 1.58, வேகன் ஆர் 1.62, டியாகோ 1.68. டிக்கிக் கதவில் மாட்டும் கேரியரில் சைக்கிள் குறுக்காகத் தொங்கும். 1.75 மீட்டர் சைக்கிளை ஆல்டோவின் பின்னால் மாட்டினால் இரண்டு பக்கமும் 13 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் வாய்க்கால், எதிரே டவுன் பஸ் என்று இருக்கும் ஊர்ச் சாலையில் அந்த 13 செ.மீ. பெரிய விஷயம். ஓட்டுபவரின் கண் காரின் அகலத்தைத்தான் கணக்கு வைத்திருக்கும், பின்னால் நீளும் டயரை அல்ல. சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ) பிரிவின்படி, அனுமதித்த அளவைத் தாண்டிச் சுமை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம், சுமையை இறக்கும் செலவு தனி. இதோடு நம்பர் பிளேட்டும் பின்விளக்குகளும் மறையும்.

ஆகவே டெல்டாவுக்கு எங்கள் வரிசை: முதலில் காருக்குள்ளே, அடுத்து கூரைமேல், வேறு வழியே இல்லையென்றால் பின்னால்.

உள்ளே வைப்பது

இரண்டு பேர், இரண்டு சைக்கிள் என்றால் காருக்குள்ளேயே அடங்கும். மூன்றாவது ஆள் வந்தால் பின் சீட்டை மடக்க முடியாது, அப்போது கூரைதான். சி.என்.ஜி. காரில் டிக்கியைச் சிலிண்டர் அடைத்துக்கொண்டிருக்கும். அதிலும் பெரும்பாலும் கூரையை நம்ப வேண்டியதுதான். சிலிண்டரின் பட்டையிலோ வால்விலோ எதையும் கட்டக் கூடாது.

வேண்டிய கருவிகள்: 15 மி.மீ. ஸ்பேனர், 4, 5, 6 மி.மீ. அலன் கீ, நான்கு பழைய கோணிச்சாக்கு, ஒரு கோரைப்பாய், தகடு போல வெட்டிய அட்டைத் துண்டுகள், மூன்று மீட்டர் நீளத்தில் பெல்ட் நான்கு. சிமென்ட் சாக்கு வேண்டாம். அது வழுக்கும், உள்ளே மிச்சமிருக்கும் தூள் பெயின்ட்டைத் தேய்க்கும்.

பின் சீட்டின் தலையணைகளைக் கழற்றி சீட்டை மடக்குங்கள். முன் இடது சீட்டை முழுக்க முன்னே தள்ளுங்கள். மடக்கிய சீட்டின் மேல் கோரைப்பாயை விரியுங்கள். மணலும் களிமண்ணும் அதிலேயே தங்கும், வெளியே எடுத்து உதறினால் போதும்.

இனி சைக்கிள். கியர் சைக்கிள் என்றால் முதலில் கியரைப் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிடுங்கள். அப்போது பின் கியர்ப் பகுதி உள்ளே ஒடுங்கி நிற்கும். முன் சக்கரத்தைக் கழற்றுங்கள். டிஸ்க் பிரேக் இருந்தால், சக்கரம் கழன்றதும் பிரேக் பேடுகளுக்கு நடுவே அட்டைத் துண்டைச் செருகுங்கள். சக்கரம் இல்லாத நேரத்தில் யாராவது பிரேக் லீவரைப் பிடித்தால் ஹைட்ராலிக் பிஸ்டன் வெளியே வந்து பேடுகள் ஒட்டிக்கொள்ளும். பிறகு சக்கரம் உள்ளே நுழையாது. முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் இரண்டு காலுக்கும் நடுவே 10 செ.மீ. மரக்கட்டை ஒன்றை வைத்துக் கட்டிவிடுங்கள். மேலே ஏதாவது அழுத்தினால் ஃபோர்க் வளையாது.

சீட்டை அடிவரை இறக்குங்கள். ஹேண்டில் பாரைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டுமானால், அதைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்டெம்மின் பக்கத்து போல்ட்டுகளை மட்டும் தளர்த்துங்கள். மேல் மூடியின் போல்ட்டைத் தொட்டால் பேரிங் தளர்ச்சி மறுபடி சரிபார்க்கும் வேலையாகிவிடும். பெடல் இடித்தால் கழற்றலாம். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: இடது பெடலின் மரை தலைகீழ். வலதைப் போலவே அதையும் திருப்பி, இறுகுகிறதே என்று இன்னும் பலம் கொடுப்பவர்கள்தான் கிராங்கின் மரையைத் தின்றுவிடுகிறார்கள்.

முதல் சைக்கிளைச் செயின் பக்கம் மேலே இருக்கும்படி, பின் சக்கரம் டிக்கிப் பக்கம் வரும்படி படுக்க வையுங்கள். அதன் மேல் கோணிச்சாக்கு. இரண்டாவதைத் திசை மாற்றி வையுங்கள். முதலாவதின் ஃபோர்க் பக்கம் இதன் பின்புறம் வர வேண்டும். வேகன் ஆரில் முன் சக்கரத்தை மட்டும் கழற்றினாலே பொதுவாக அடங்கிவிடும். ஆல்டோவில் இரண்டாவது சைக்கிளுக்குப் பின் சக்கரத்தையும் கழற்ற வேண்டி வரும். கழற்றிய சக்கரங்களை முன் சீட்டின் முதுகுக்கும் சைக்கிளுக்கும் நடுவே நிமிர்த்திச் செருகுங்கள். டிஸ்க் தட்டு சீட்டுப் பக்கம் பார்க்கட்டும், சைக்கிளின் இரும்புப் பக்கம் வேண்டாம்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ‘உள்ளேதானே இருக்கிறது, எங்கே போகும்?’ என்ற நினைப்பு. ஆடு குறுக்கே வந்து பிரேக் அடித்தால் 15 கிலோ இரும்பு முன்னால்தான் போகும். பின் சீட்டு பெல்ட் பொருத்தியிருக்கும் கொக்கிகளில் பெல்ட்டை மாட்டி, ஃப்ரேமைச் சுற்றி இறுக்குங்கள். மெல்லிய குழாயை நெரித்து இறுக்க வேண்டாம், சாக்கின் மேலே போட்டு இறுக்குங்கள்.

கூரைமேல்

காரின் கையேட்டில் கூரைச் சுமை எவ்வளவு என்று பாருங்கள். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 50 கிலோவுக்கு மேல் சொல்ல மாட்டார்கள், சிலவற்றுக்கு அதைவிடக் குறைவு. அந்த எண்ணில் கேரியரின் எடையும் அடக்கம் என்பதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். குறுக்குக் கம்பிகள் இரண்டும் 5 கிலோ, சைக்கிளை நிறுத்தும் தட்டு இரண்டும் 7 கிலோ, 14 கிலோ சைக்கிள் இரண்டு என்றால் மொத்தம் 40 கிலோ. பட்டறையில் சதுரக் குழாயில் வெல்டிங் செய்து வாங்கும் கேரியரே 12, 15 கிலோ வந்துவிடும். அதன் மேல் 20 கிலோவுக்குக் குறையாத பழைய ஸ்டாண்டர்டு சைக்கிள் இரண்டை ஏற்றினால் 50 கிலோ போதாது. அந்தச் சைக்கிள்களை, டைனமோ, கேரியர், செயின் கவர், கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இயங்கும் பிரேக்கோடு, குட்டி யானையில் ஏற்றுவதே மரியாதை.

இன்னொன்று: சில மாடல்களில் கூரையில் கம்பிபோல் ஒட்டியிருப்பது வெறும் அலங்கார பிளாஸ்டிக். கையால் அசைத்துப் பாருங்கள், கையேட்டிலும் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் அதில் எதையும் கட்டாதீர்கள். பழைய மாருதி 800, ஆம்னிக்கு மழைநீர் ஓடும் விளிம்பு உண்டு, அதிலேயே கிளாம்ப் பிடிக்கும். புதிய கார்களுக்குக் கதவுச் சட்டத்தில் பிடிக்கும் கிளாம்ப்தான். அது உட்காரும் இடத்தில் தூசியைத் துடைத்துவிட்டு ரப்பரை வையுங்கள். ரப்பருக்கு அடியில் சிக்கிய மணல் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும்.

தட்டு இல்லாமலும் ஏற்றலாம். சைக்கிளைத் தலைகீழாக வைத்து, ஹேண்டில் பாரை முன் கம்பியிலும் சீட்டைப் பின் கம்பியிலும் கட்டுவது நம் ஊர்ப் பழைய முறை. பிரேக் லீவரும் கியர் மாற்றியும் கம்பியில் அழுந்தாதபடி இரண்டு பக்கமும் சாக்குத் துண்டு சுற்ற வேண்டும். கம்பிப் பிரேக் வண்டிக்கு இந்த முறை ஆகாது, கம்பி வளைந்துவிடும்.

கட்டுவதற்கு 25 மி.மீ. அகலப் பெல்ட், பல் கொக்கி உள்ளது. நைலான் கயிறு நனைந்தால் நீண்டு தளரும். தேங்காய் நார்க்கயிறு பெயின்ட்டை அறுக்கும். டியூப் ரப்பர் சைக்கிள் கேரியரில் புத்தகப் பை கட்டத்தான் லாயக்கு. பெல்ட்டுக்குத் துணையாக இருக்கலாமே தவிர, அதை மட்டும் நம்பக் கூடாது. முதலில் பின் சக்கரம், பிறகு முன் சக்கரம், கடைசியாக ஃப்ரேமின் கீழ்க்குழாயிலிருந்து கம்பிக்கு ஒரு கட்டு. பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டுங்கள், காற்றில் ரீங்காரம் போடாது. தொங்கும் நுனியை முடிந்து உள்ளே செருகுங்கள். கட்டி முடித்ததும் சைக்கிளைப் பிடித்து ஆட்டுங்கள். சைக்கிள் மட்டும் ஆடினால் கட்டு தளர்வு. காரும் சேர்ந்து ஆடினால் சரி.

கேரியரே இல்லாமல் பெல்ட்டைக் கதவுக்குள் விட்டுக் கட்டுபவர்களும் உண்டு. ஐப்பசி மழையில் தண்ணீர் அந்தப் பெல்ட் வழியாகவே உள்ளே இறங்கி மடியை நனைக்கும். டென்ட், பாய் போன்ற இலேசான மூட்டைக்கு அது சரி, சைக்கிளுக்கு வேண்டாம்.

கூரையில் நிற்கும் சைக்கிளோடு மொத்த உயரம் ஏறக்குறைய 2.7 மீட்டர் ஆகும். டேப்பில் அளந்து, அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் முன்னால் ஒட்டுங்கள். திருவிழா வளைவு, தெருவுக்குக் குறுக்கே கட்டிய சீரியல் விளக்கு ஒயர், தாழ்ந்த புளியங்கிளை, ரயில்வே சுரங்கப்பாதை எல்லாம் கண்ணில் படும். படாதது, திரும்பி வந்து களைப்போடு நுழையும்போது நம் வீட்டுப் போர்டிகோ. மேலே சைக்கிள் இருப்பதை மறந்து கேரியரையும் கூரையையும் சேர்த்துப் பிய்த்துக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான்.

பின்னால்தான் மாட்டியாக வேண்டும் என்றால்

முன் சக்கரத்தைக் கழற்றிவிடுங்கள். நீளம் 1.4 மீட்டருக்குப் பக்கமாக வரும், ஆல்டோவின் அகலத்துக்குள்ளேயே அடங்கும். கேரியரின் கொக்கிகள் டிக்கிக் கதவின் இரும்பு விளிம்பில் மாட்ட வேண்டும். கண்ணாடி விளிம்பிலோ பிளாஸ்டிக் ஸ்பாய்லரிலோ அல்ல. சைலன்ஸர் வாய்க்கு நேராக டயர் வந்தால் உருகும். நடுக்குழாய் சாய்ந்த லேடீஸ் சைக்கிளுக்கு, ஸ்டெம்மிலிருந்து சீட்டுத் தண்டுக்கு ஒரு குழாயைக் கட்டி, அதில் தொங்கவிட வேண்டும். நம்பர் பிளேட்டும் விளக்கும் மறைந்தால் கிளம்பாதீர்கள்.

மற்ற சாமான்கள், சக்கரக் காற்று

கனமானவை கீழே, பின் அச்சுக்கு முன்னால். 20 லிட்டர் தண்ணீர் கேன் என்றால் 20 கிலோ, அது முன் சீட்டுக்குப் பின்னால் தரையில் போகட்டும். வீச்சு வலை, தூண்டில் சாமான் இருந்தால் மூடியுள்ள பெயின்ட் வாளியில் வையுங்கள். ஈர வலையின் நாற்றம் கோடை முடியும்வரை காரில் குடியிருக்கும். பைனாகுலர், டிரைபாட் துணிமூட்டைக்கு நடுவே. அடுப்புக்கான சின்ன கேஸ் சிலிண்டரை வெயிலில் பூட்டிய காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஓட்டுநர் கதவின் தூணில் ஒட்டிய தாளில் முழுச் சுமைக்கான காற்று அளவு இருக்கும். பின் சக்கரத்துக்குத் தனி எண் போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். சக்கரம் குளிர்ந்திருக்கும்போது, கிளம்பும் முன்பே அடியுங்கள். பின்பக்கம் அமுங்கினால் ஹெட்லைட் வெளிச்சம் மேலே தூக்கி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். விளக்கைத் தாழ்த்தும் திருகு உங்கள் காரில் இருந்தால், வெளிச்சம் கீழே இறங்கும்படி ஓர் எண் திருப்புங்கள்.

சாலையில்

5 கிலோமீட்டரில் நிறுத்தி எல்லாக் கட்டையும் இறுக்குங்கள். முதல் தளர்ச்சி அங்கேதான் வரும். பிறகு டீக்கு நிற்கும்போதெல்லாம் ஒரு தடவை கை வைத்துப் பார்த்தால் போதும். கூரையில் சைக்கிள் இருந்தால் 70 கி.மீ.க்கு மேல் வேண்டாம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கொள்ளிடப் பாலம் போன்ற நீண்ட திறந்தவெளியில் பக்கக்காற்று அடிக்கும்போது வேகத்தைக் குறைத்து ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள். எதிரே லாரி கடக்கும் நொடியில் இன்னொரு தள்ளு வரும்.

ஆல்டோவின் தரை இடைவெளி சுமையில்லாமலே 160 மி.மீ.தான். வாய்க்கால் மதகுகளின் மேட்டிலும் வெள்ளைக்கோடு அழிந்த வேகத்தடையிலும் முதல் கியரில் ஏறுங்கள்.

தை, மாசி என்றால் கோடியக்கரையில் பறவைப் பருவம், வயலில் சம்பா அறுவடை. இரண்டும் ஒரே சாலையில் சந்திக்கும். பாதிச் சாலையில் நெல் காயும், ஓரத்தில் கல்லும் கிளையும் வைத்திருப்பார்கள். ஸ்டியரிங்கைத் திடீரென்று ஒடிக்காமல், முன்கூட்டியே வேகம் குறைத்து ஒதுங்குங்கள். வைக்கோல் பரப்பிய இடத்தில் காரை நிறுத்த வேண்டாம். கீழே சிக்கிய வைக்கோல் சூடான சைலன்ஸரில் தீப்பிடிக்கும். தொங்கும் பெல்ட் நுனியும் வைக்கோலை இழுத்துச் சுற்றிக்கொள்ளும்.

திரும்பும்போது சைக்கிளைக் காருக்குள் ஏற்றும் முன், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே உள்ள களிமண்ணைத் தென்னை ஈர்க்குச்சியால் சுரண்டி எடுங்கள். டெல்டா வண்டல் காய்ந்துவிட்டால் சிமென்ட்தான். வேதாரண்யம் பக்கம் போய் வந்திருந்தால் உப்புக்காற்று வேலையை ஆரம்பித்திருக்கும். அன்றைக்கே செயின், கிளாம்ப், பெல்ட்டின் கொக்கி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, செயினுக்கு எண்ணெயும் கிளாம்ப் போல்ட்டுகளின் மரைக்குக் கிரீஸும் போட்டுக் கழற்றி வையுங்கள். கார்ச் சக்கரங்களின் காற்றையும் பழைய அளவுக்கு இறக்கிவிடுங்கள்.