பிஎச்.டி. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்

சேர்ந்த அன்றே கெட்டி அட்டை ஃபைல் ஒன்று வாங்குங்கள். பதிவுக் கடிதம், பாட மதிப்பெண் சான்று, செமஸ்டர்தோறும் ஆலோசனைக் குழு முன் பேசியதன் அறிக்கை, கட்டண ரசீது எல்லாம் தேதி வரிசையில் அதில் இருக்கட்டும். ஐந்தாம் ஆண்டில் ஒரே ஒரு ரசீது கிடைக்காமல் என் சமர்ப்பிப்பு மூன்று வாரம் தள்ளிப்போனது. அலுவலகத்திலும் நகல் இல்லை. அன்றிரவு அழுதே விட்டேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு தரலாம். பெண்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 240 நாள் வரை உண்டு. தயங்காமல் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

ஆய்வேடு பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருளில் பார்க்கும் ஒப்புமைச் சோதனையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். யு.ஜி.சி.யின் 2018 கருத்துத் திருட்டுத் தடுப்பு விதியில் 10 சதவீத ஒப்புமை வரை தண்டனை இல்லை; உரிய குறிப்போடு தந்த மேற்கோளும் நூற்பட்டியலும் கணக்கில் வராது. ஆனால் மென்பொருள் அவற்றையும் சேர்த்துக் காட்டலாம். நூலகரோடு உட்கார்ந்து அறிக்கையை வரி வரியாகப் பாருங்கள்.

அப்புறம் காத்திருப்பு. வழிகாட்டியோடு குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்கள் மதிப்பிட வேண்டும். வாய்மொழித் தேர்வு வரை எல்லாம் 6 மாதத்துக்குள் முடிய வேண்டும் என்கிறது விதி. மாதம் ஒருமுறை நேரில் போய், பணிவாக, ஃபைல் எண்ணைச் சொல்லி விசாரியுங்கள். பட்டம் தருவதற்கு முன் ஆய்வேட்டின் மின்நகல், ஆய்வேடுகளை இணையத்தில் சேர்த்துவைக்கும் இன்ஃபிலிப்நெட் மையத்துக்குப் போயாக வேண்டும். திருத்திய கடைசிப் பிரதிதானா என்று திறந்து பார்த்தே கொடுங்கள்.