சுற்றறிக்கை ஒட்டினால் பிரசவ வார்டு மாறிவிடாது

புதிய பிரசவ வழிகாட்டுதல் வந்ததும் சுற்றறிக்கை அனுப்பி, ஒருநாள் பயிற்சி வைத்து, சுவரில் போஸ்டர் ஒட்டுவார்கள். தெரிந்துவிட்டால் செய்துவிடுவார்கள் என்ற நம்பிக்கைதான் முதல் தவறு. தெரியாததால் மட்டும் யாரும் பழைய முறையில் நிற்பதில்லை. கைப்பழக்கம் இருக்கிறது, சீனியர் என்ன சொல்வாரோ என்ற பயமும் இருக்கிறது.

அர்ஜென்டினா, உருகுவே நாடுகளின் 19 மருத்துவமனைகளில் நடந்து 2008-ல் வெளியான ஆய்வு வேறு வழியில் போனது. சக ஊழியர்கள் யார் பேச்சைக் கேட்கிறார்களோ, அவர்களையே கண்டுபிடித்துப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் மற்றவர்களைத் தனித்தனியாகச் சந்தித்துப் பேசினார்கள், கைத்திறனையும் பழக்கினார்கள். நினைவூட்டல்கள் வைத்து, எத்தனை பிரசவங்களில் சரியான முறை பின்பற்றப்பட்டது என்ற வார்டின் சொந்தக் கணக்கை அவ்வப்போது காட்டினார்கள். பிரசவம் ஆனதும் ரத்தப்போக்கைத் தடுக்க ஆக்ஸிடோசின் மருந்து கொடுப்பது 2.1 சதவீதத்திலிருந்து 83.6 சதவீதமானது. இந்த முயற்சி நடக்காத மருத்துவமனைகளில் அது 12.3 சதவீதத்தோடு நின்றது. பிறப்புவாயை வெட்டித் தையல் போடும் எபிசியாட்டமி 41.1-லிருந்து 29.9 சதவீதமாகக் குறைந்தது. பழகிய ஒன்றைக் கைவிட வைப்பது புதிதைத் தொடங்க வைப்பதைவிடக் கடினம் என்பதை இந்த எண்களிலேயே பார்க்கலாம்.

அடுத்த தவறு, சீக்கிரம் கைவிடுவது. உத்தரப் பிரதேசத்தில் பாதுகாப்பான பிரசவச் சரிபார்ப்புப் பட்டியலை வைத்து நேரில் வழிநடத்தியபோது, தொடங்கிய இரண்டு மாதத்தில் சரியான நடைமுறைகள் 73 சதவீதம் வரை போயின. வழிநடத்தல் முடிந்தபின், தொடங்கி ஓராண்டான கட்டத்தில் 62 சதவீதமாக இறங்கின. தாய், சேய் இறப்பும் குறையவில்லை. ஆகவே பட்டியலில் டிக் விழுந்ததையே வெற்றி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கருவி கொடுக்காமல் நர்ஸைக் குறை சொல்வதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. ரத்தப்போக்கைக் கண்ணால் பார்த்து மதிப்பிட்டால், அளவுக்கு மீறி ரத்தம் போகும் தாய்மாரில் பாதிப் பேர் கவனத்துக்கே வராமல் போவார்கள். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் நடந்த ஈ-மோட்டிவ் ஆய்வில் (2023) அளவு குறித்த பை ஒன்றைத் தாயின் அடியில் விரித்து ரத்தத்தை அளந்தார்கள். கருப்பையை மசாஜ் செய்தல், மருந்துகள், திரவம், பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரே தொகுப்பாகச் செய்தார்கள். தேவையான மருந்துகள் ஒரே டிராலியில் தயாராக இருந்தன. கடும் ரத்தப்போக்கு, அதற்கான அறுவை சிகிச்சை, அதனால் வரும் இறப்பு மூன்றும் சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன.

அப்புறம், மாதக் கணக்கை மெமோ கொடுக்கப் பயன்படுத்தாதீர்கள். அப்படிச் செய்தால் அடுத்த மாதம் பதிவேடு மட்டும்தான் அழகாக இருக்கும். இரவு ஷிஃப்டில் இருக்கும் நர்ஸ், டாக்டர் வரும்வரை காத்திருக்காமல் எதையெல்லாம் தொடங்கலாம் என்பதை எழுத்தில் கொடுங்கள்.