பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறதா? புது டிஸ்க் வாங்கும் முன் ஹப்பைப் பாருங்கள்

குன்னூரிலிருந்து மலை இறங்கி, மேட்டுப்பாளையம் தாண்டி, சமரோட்டில் 80 தொட்டிருப்பேன். முன்னால் போன லாரி சட்டென்று வேகம் குறைக்க, நானும் பிரேக்கை மிதித்தேன். ஸ்டியரிங் உதறியது. காலை எடுத்ததும் நின்றுவிட்டது.

"டிஸ்க் வளைஞ்சிருச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள் சர்வீஸில். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு, பிரேக் பிடிப்பது அதைத்தான். அது உட்காரும் சக்கர நடுப்பகுதிதான் ஹப். மாற்றினேன். நாலாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை, அதே நடுக்கம். இரண்டாவது தடவை நானே ஸ்பேனரை எடுத்தேன்.

1. எங்கிருந்து வருகிறது?

பிரேக் தொடாமலே 80, 90-இல் ஸ்டியரிங் ஆடினால் அது வீல் பேலன்சிங் சமாச்சாரம், இந்தப் பதிவு அதற்கில்லை. பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் ஆடினால் முன் டிஸ்க். சீட்டும் தரையும் அதிர்ந்து ஸ்டியரிங் சும்மா இருந்தால் பின்பக்கம். அவசரமாக அழுத்தி மிதிக்கும்போது மட்டும் பெடல் டகடகவென்று காலில் தட்டினால் அது ஏ.பி.எஸ். (டயர் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்வது, பயப்பட வேண்டாம்.

2. கழற்றியதும்

ஜாக்கி, ஸ்டாண்டு, டயர் கழற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள், அவ்வளவுதான். கேலிப்பரை (பேடு என்ற உராய்வுக் கட்டைகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) கழற்றினால் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கம்பி போட்டுக் கட்டுங்கள். கேலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின் இரண்டும் கையால் தள்ளினாலே நகர வேண்டும். இறுகியிருந்தால் துடைத்து சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். வீல் பேரிங்குக்குப் போடும் சாதா கிரீஸ் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். அப்படியே லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையின் ரப்பர்), டை ராட் எண்ட் (ஸ்டியரிங் கம்பியின் முனை மூட்டு) இரண்டையும் ஆட்டிப் பாருங்கள். அவை தேய்ந்திருந்தால் சின்ன நடுக்கமும் பெரிதாகக் கைக்கு வரும்.

3. அளப்பது (நான் சறுக்கிய இடம்)

முதலில் தடிமன். ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே, சுற்றிலும் எட்டு இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்தேன். 0.02 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே கை கண்டுபிடித்துவிடும். எனக்கு 0.03. வெர்னியர் வேண்டாம் என்பது என் கட்சி. தேய்ந்த டிஸ்க்கின் ஓரத்தில் எழும்பி நிற்கும் விளிம்பில் அதன் தாடை இடித்து, அளவு பொய் சொல்லும்.

அடுத்தது ரன்அவுட். கிரிக்கெட் இல்லை, டிஸ்க் சுற்றும்போது பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது என்பது. காந்த ஸ்டாண்டில் டயல் கேஜ் மாட்டி, முள்ளை டிஸ்க் முகத்தில் வைத்துக் கையால் சுற்ற வேண்டும். பெரும்பாலான கார்களுக்கு 0.05-இலிருந்து 0.10 மி.மீ. வரைதான் அனுமதி. எனக்கு 0.40 காட்டியது! இன்னொரு ஜோடி டிஸ்க்குக்கு ஆர்டர் போடவே போய்விட்டேன்.

தப்பு என்னவென்றால், டயரைக் கழற்றியதும் டிஸ்க்கை ஹப்போடு இறுக்கிப் பிடிக்க எதுவும் இல்லை. அது சும்மா தொத்திக்கொண்டிருந்தது. நாலு நட்டுக்கும் தடித்த வாஷர் கொடுத்து, டிஸ்க்கை ஹப்போடு இறுக்கிவிட்டு மறுபடி அளந்தேன். 0.12. அளவுக்கு மேல்தான், ஆனால் வேறு கதை.

அப்புறம் டிஸ்க்கை உருவினேன். ஹப் முகத்தில் துரு பொருக்குத் தட்டிக் கிடந்தது. புது டிஸ்க்கை அதன் மேலேயே மாட்டியிருக்கிறார்கள். ஹப்பில் தூசி கனத்துக்குத் துரு இருந்தாலும் டிஸ்க்கின் ஓரத்தில் அது பெருகித் தெரியும். மாட்டிய அன்றைக்கு நடுக்கம் இருக்காது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும், பிரேக் மிதிக்காதபோதும், டிஸ்க்கின் மேடான பகுதி பேடில் உரசிக்கொண்டே போகும். அந்த இடம் மட்டும் மெலியும். சில ஆயிரம் கிலோமீட்டரில் தடிமன் ஏறுக்குமாறாகி, நடுக்கம் திரும்ப வரும். டிஸ்க் "வளைந்தது" என்று சொல்வதில் முக்கால்வாசி இந்தக் கதைதான்.

4. துரு எடுப்பது

டிஸ்க் வர மறுத்தால் சுத்தியலால் போடாதீர்கள். டிஸ்க்கில் மரை போட்ட இரண்டு துளைகள் இருந்தால், பல கார்களில் 8 எம்.எம். போல்ட் பொருந்தும், மாறி மாறி முறுக்கினால் தானே வெளியே வரும். ஹப்பைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் பளபளவென்று தேயுங்கள். நட்டு ஏறும் ஸ்டட்டைச் சுற்றியுள்ள மூலைகளில்தான் துரு ஒளிந்திருக்கும். கிரைண்டர் வேண்டவே வேண்டாம், துருவோடு இரும்பையும் தின்றுவிடும். டிஸ்க்கின் உள்முகத்தையும் துடைத்து மாட்டியபோது 0.04 காட்டியது.

அதன் பிறகும் அதிகமாக இருந்தால் டிஸ்க்கை ஒரு துளை தள்ளி மாட்டி அளந்து பாருங்கள். நாலு நட்டு வண்டியில் நாலு வாய்ப்பு.

5. கடைவதா, மாற்றுவதா?

குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். என்னுடையது புதிதில் 17 மி.மீ., எல்லை 15. நிறைய மிச்சம் இருந்ததால், அந்த 0.03 தடிமன் வித்தியாசம் போக லேத்தில் லேசாகக் கடைந்தேன். கோவையில் லேத்துக்கா பஞ்சம்! ஆனால் இரண்டு முகத்தையும் ஒரே பிடியில் கடையச் சொல்லுங்கள். கழற்றித் திருப்பிப் பிடித்தால் முகங்கள் இணையாக வராது. எல்லையை நெருங்கியிருந்தால் கடையாதீர்கள், மாற்றுங்கள், அதுவும் ஜோடியாக.

6. மாட்டியதும்

நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். அளவு உங்கள் கையேட்டில் இருக்கும். சின்ன கார்களில் பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். வண்டியை எடுக்கும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். இதை மறந்து ஒரு தடவை கேட்டில் இடிக்கப் பார்த்தேன்.

பிறகு காலி ரோட்டில் 60-இலிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், எட்டுப் பத்துத் தடவை பிரேக் பிடியுங்கள். உடனே வண்டியை நிறுத்தி பெடலை அழுத்திக்கொண்டு நிற்காதீர்கள். சூட்டில் பேடின் மசாலா டிஸ்க்கில் அச்சாக ஒட்டிக்கொள்ளும். ஐந்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள்.

பின்சேர்க்கை 1: எல்லாம் செய்தும் இரண்டே வாரத்தில் ஆட்டம் வந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். இடையில் பஞ்சர் போட்டிருக்கிறார். கடையில் காற்றுத் துப்பாக்கியால் நட்டை ஏறுக்குமாறாக இறுக்கியிருக்கிறார்கள். தளர்த்தி ரெஞ்ச் போட்டு இறுக்கியதும் குறைந்துவிட்டதாம்.

பின்சேர்க்கை 2: பின்பக்கம்தானா என்று எப்படி உறுதி செய்வது என்று கேட்டிருந்தீர்கள். கை நெம்புகோல் ஹேண்ட்பிரேக்கும் பின்னால் டிஸ்க்குக்குப் பதில் டிரம் பிரேக்கும் உள்ள வண்டியென்றால், ஈரமில்லாத, ஆளே இல்லாத நேர் ரோட்டில் 40-இல் போகும்போது, பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மெல்ல இழுங்கள். நடுக்கம் வந்தால் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். பட்டனிலிருந்து விரலை எடுத்துவிடாதீர்கள், பின் டயர் பூட்டிக்கொள்ளும்.