நெடுந்தூர டிரையத்லானுக்குப் பிறகு: பயிற்சிக்குத் திரும்புவதும் எடையைக் கவனிப்பதும்

3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். முடித்த மூன்றாம் நாள் எடை மெஷினில் ஏறினால், ரேஸுக்கு முன்பு இருந்ததைவிட இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டலாம். பதறிப்போய்ச் சாப்பாட்டைக் குறைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. இரண்டு கிலோ கொழுப்பு சேர, செலவழிப்பதைவிடச் சுமார் 15,000 கலோரி மிகுதியாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். மூன்று நாளில் அது நடக்காது.

ஏறியது தண்ணீர். காலியான தசைகள் மறுபடி கிளைகோஜனை (மாவுச்சத்திலிருந்து உடல் சேர்த்துவைக்கும் எரிபொருளை) சேமிக்கும்போது, ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் சேர்கிறது. 400 கிராம் நிரம்பினாலே ஒன்றரை கிலோ. அடிபட்ட தசைகளின் வீக்கம் வேறு. சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலுக்கு மேல் பள்ளமாக ஒரு வளையம் விழுந்திருக்கும்; இரண்டு காலிலும் ஒரேபோல் இருந்தால் சில நாளில் வடிந்துவிடும். ஒரு காலில் மட்டும் வீங்கி வலித்தாலோ, சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ, அன்றே மருத்துவரைப் பாருங்கள். வலி மாத்திரையைத் தானாக வாங்கிப் போடாதீர்கள். களைத்திருக்கும் சிறுநீரகத்துக்கு அது கூடுதல் சுமை.

படி 1: முதல் 3 நாள்
நடை மட்டும், 15–20 நிமிடம். எடை பார்க்க வேண்டாம். பசிக்கிறபோது வயிறாரச் சாப்பிடுங்கள். தூக்கம்தான் இப்போது முக்கியம்.

படி 2: 4 முதல் 7ஆம் நாள் வரை
உரசிப் புண்ணான இடங்கள் ஆறியிருந்தால் 20–30 நிமிட நீச்சல். பிறகு சமதளத்தில் லேசான கியரில் 30–40 நிமிட சைக்கிள். ஓட்டம் வேண்டாம்.

படி 3: இரண்டாம் வாரம்
இங்கேதான் பலர் காயப்படுகிறார்கள். வலி போய்விடும், மூச்சும் சுகமாக இருக்கும், ஆனால் தசையும் தசைநாணும் இன்னும் ஆறியிருக்காது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. அதனால்தான் ஓட்டத்தைக் கடைசியில் சேர்க்கிறோம். முதலில் கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்கிப் பாருங்கள். அடுத்து ஒற்றைக் காலில் பத்து முறை குதியுங்கள், இரண்டு காலுக்கும். எங்கும் சுருக்கென்று வலிக்காவிட்டால், 2 நிமிட ஓட்டம், 1 நிமிட நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம். முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும். அடுத்த ஓட்டத்துக்கு ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள்.

படி 4: மூன்றாம், நான்காம் வாரம்
ரேஸுக்கு முந்தைய உச்ச வாரத்தில் செய்த நேரத்தில் பாதியைத் தாண்டாதீர்கள். வேகப் பயிற்சியை நான்காம் வாரக் கடைசியில் தொடலாம். காலையில் எழுந்ததும் நாடித் துடிப்பை எண்ணுங்கள். வழக்கத்தைவிட 7–10 கூடுதலாக, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து இருந்தால் ஓய்வெடுங்கள்.

எடையை எப்போது கவனிப்பது?
மூன்றாம் வாரத்திலிருந்து. உண்மையான கொழுப்பு சேர்வது இப்போதுதான்: பயிற்சி வாரம் 14 மணி நேரத்திலிருந்து 4க்கு இறங்கியிருக்கும், பசியும் சாப்பாட்டுப் பழக்கமும் 14 மணி நேரத்துக்கானதாகவே இருக்கும். முதலில் பயிற்சியின்போது சாப்பிடும் எனர்ஜி ஜெல், ஸ்போர்ட்ஸ் டிரிங்க், பயிற்சி முடிந்ததும் தின்னும் இனிப்பு ஆகியவற்றை நிறுத்துங்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறைவான லேசான பயிற்சிக்குத் தண்ணீரே போதும். பலருக்கு இதுவே காரியத்தை முடித்துவிடும்.

மாவுச்சத்தை ஒரு கிலோ உடல் எடைக்கு 3–5 கிராம் அளவுக்கு இறக்குங்கள். புரதத்தைக் குறைக்காதீர்கள்: கிலோவுக்கு 1.6 கிராம், அதாவது 70 கிலோ உள்ளவருக்கு 112 கிராம், நாலு வேளையாகப் பிரித்து. இன்னும் இளைக்க வேண்டுமென்றால் தினம் 300 கலோரி குறைத்தால் போதும்.

காலைக்கடன் முடித்ததும், சாப்பிடும் முன் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் இறங்கினாலோ, தூக்கம் கெட்டாலோ, சாப்பாட்டைக் கூட்டுங்கள். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போனால் எடைக் குறைப்பை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.