அம்மாவின் முட்டி வலி: மாத்திரை இல்லாமல் நாங்கள் செய்தது

ரங்கூனில் எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முட்டியிலும் தேய்மானம். வலித்தால் டைக்ளோஃபெனாக் என்கிற வலி மாத்திரை, விட்டால் மறந்துவிடுவது என்றே நாலு வருஷம் ஓடியது. அப்புறம் வயிறு எரிய ஆரம்பித்தது. இந்த வகை மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் வயசானவர்களுக்கு வயிறு, சிறுநீரகம் இரண்டும் கெடலாம் என்று டாக்டர் நிறுத்தச் சொன்ன பிறகுதான் நான் இதில் இறங்கினேன். (நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம், கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.) பிரிட்டனில் நைஸ் (NICE) என்கிற அரசு மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பு 2022இல் வெளியிட்டதும் தேய்மானம் உள்ள எல்லாருக்கும் உடற்பயிற்சியைத்தான் முதலில் வைக்கிறது.

மூட்டு சூடாகச் சிவந்து வீங்கியிருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, கீழே விழுந்த பிறகு வந்த வலி என்றாலோ முதலில் டாக்டரிடம் போங்கள்.

முதல் படி, ஒத்தடம்

ரப்பர் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி 15 நிமிஷம். மின்சாரப் பை வாங்காதீர்கள், இங்கே கரண்ட் இருக்கும் நேரத்தை நம்பி ஒத்தடம் கொடுக்க முடியாது. சர்க்கரை நோயால் கால் மரத்திருந்தால் சூடு தெரியாது, நீங்கள் தொட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள்.

இரண்டாம் படி, தொடையை இறுக்குவது

கட்டிலில் காலை நீட்டி, பழைய லோஞ்சி (இங்கே கட்டும் கைலி) ஒன்றைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அழுத்தி 5 எண்ணி விட வேண்டும். காலுக்குப் பத்து முறை. மூச்சை அடக்கக் கூடாது, வாய்விட்டு எண்ணினால் அந்தத் தொல்லை இல்லை.

மூன்றாம் படி, உட்கார்ந்து எழுவது

இங்கேதான் ஒரு மாதம் வீணாயிற்று. நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழ வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. ஆனால் எங்கள் வீட்டில் இருந்தது டீக்கடையில் போடுவது மாதிரி குட்டை பிளாஸ்டிக் முக்காலி. அதிலிருந்து எழும்போது முட்டி ரொம்ப மடங்கி, மொத்தப் பாரமும் அங்கேதான் இறங்கும். அம்மா மூன்று முறை எழுந்துவிட்டு அழுதார், பயிற்சியே ஒத்துக்கொள்ளவில்லை என்று நானும் நினைத்துவிட்டேன். தப்பு உயரத்தில்தான் இருந்தது. கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, மேலே இரண்டு போர்வை மடித்து வைத்து, இடுப்பு முட்டியைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும்படி உட்கார வைத்தோம். பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும் அளவு குனிந்து எழுந்தார். முதல் நாளே ஐந்து முறை! இரண்டு வாரம் கழித்து ஒரு போர்வையை எடுத்தோம், பிறகு மற்றதையும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம், வழுக்கும்.

எவ்வளவு வலி வரை செய்யலாம்? செய்யும்போது லேசாக வலிப்பது சரிதான். மறுநாள் காலையில் வழக்கத்தைவிட அதிகம் வலித்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், அடியோடு நிறுத்திவிடாதீர்கள். நன்றாக இருக்கிற நாளில் ஆசைப்பட்டு இரண்டு மடங்கு செய்வதுதான் அம்மாவைத் திரும்பத் திரும்பப் படுக்க வைத்தது.

நான்காம் படி, நடை

காலை வெயிலுக்கு முன் கண்டோஜி ஏரிப் பக்கம் பத்து நிமிஷத்தில் தொடங்கினோம். கைத்தடி வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் இருக்க வேண்டும், பலர் மாற்றிப் பிடிக்கிறார்கள். கையைத் தொங்கவிட்டால் தடியின் தலை மணிக்கட்டு மடிப்பளவுக்கு வர வேண்டும்.

பிறகு சேர்த்தது: அப்பாவால் நாற்காலியிலிருந்து எழவே முடியவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, முன்னால் ஆடாத மேசை போட்டு அதில் கை ஊன்றி எழச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். மாடிப்படி பற்றியும் நிறையப் பேர் கேட்டீர்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், ஒரு கை எப்போதும் கைப்பிடியில். அம்மா இன்னும் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் இறங்குகிறார், அவசரப்படுத்துவதில்லை.